புல்லுக்கு இருபது குடம்

கிருஷ்ணகிரி தாண்டி ஓசூர் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். தோளில் கடப்பாரை, அதன் நுனியில் துணிமூட்டை. பின்னால் இருந்தது பர்கூர்ப் பக்கத்துக் கல்குவாரி. அங்கே நான்கு மாதம் வேலை பார்த்திருந்தேன். குடிக்கிற தண்ணீர் லாரியில் வரும், ஆளுக்கு ஒரு குடம். பங்குனியில் இரண்டு பேருக்கு ஒரு குடம் ஆனது. சித்திரையில் லாரி ஒருநாள் வந்தால் இரண்டு நாள் வரவில்லை. குவாரிக் குழியில் தேங்கிக் கிடந்த பச்சைத் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடித்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தார்கள். நானும் இரண்டு நாள் படுத்தேன். மூன்றாம் நாள் எழுந்து கடப்பாரையை எடுத்துக்கொண்டு சாலைக்கு வந்துவிட்டேன். எங்கே போகிறாய் என்று யாரும் கேட்கவில்லை. அங்கே ஆள் வருவதும் போவதும் தண்ணீர் லாரியைவிட ஒழுங்காக நடக்கும்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்துக் கூட்டிப் படிப்பேன், கையெழுத்துப் போடுவேன். ஊத்தங்கரைப் பக்கம் கடலைக் காட்டில் இருந்திருக்கிறேன், ராயக்கோட்டையில் தக்காளிக் கூடை தூக்கியிருக்கிறேன். ஒரே இடத்தில் ஒரு வருடம் முழுதாக இருந்ததில்லை. அப்போது முப்பது வயது. மழை இரண்டு வருடமாக ஏமாற்றியிருந்தது. சாலையின் இருபுறமும் நிலம் செம்பு நிறத்தில் வெந்து கிடந்தது. ஓசூரில் வேலை கொட்டிக் கிடக்கிறது என்று குவாரிக்கு வந்த லாரி கிளீனர் ஒருவன் சொன்னதுதான் எனக்கிருந்த ஒரே விலாசம்.

இரண்டாம் நாள் சூளகிரி அருகே ஒரு செங்கல் லாரி நின்றது. டிரைவர் கன்னடத்தில் எங்கே என்று கேட்டான். ஓசூர் என்றேன். செங்கல் மேல் ஏறிக்கொள்ளச் சொல்லிக் கையைக் காட்டினான்.

ஓசூருக்கு முன்பே, பெரிய கம்பெனி ஒன்றின் எதிரில் இறக்கிவிட்டான். வேலை கேட்கலாம் என்று வாசல் கேட்டுக்குப் போனவன் கேட்க வந்ததை மறந்து நின்றேன். கம்பிக் கதவுக்கு உள்ளே, என் வாழ்நாளில் பார்த்திராத பச்சை. ஒரு ஏக்கருக்குக் குறையாது. நெல் இல்லை, ராகி இல்லை, மாட்டுக்கும் இல்லை. வெறும் புல். நடுவில் ஒரு இரும்புக் குழாய் நின்று, அதன் தலை தானாகச் சுற்றித் தண்ணீரை விசிறிக்கொண்டிருந்தது. அந்தச் சாரலில் வெயில் பட்டு நிறம் நிறமாகத் தெரிந்தது. பக்கத்தில் மனிதர் யாரும் இல்லை. யாரும் பார்க்காமல், யாரும் குடிக்காமல், தண்ணீர் அதுபாட்டுக்கு வானத்தில் ஏறி இறங்கியது. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோயிலில் திரை விலகினதும் நிற்பதுபோல நின்றேன்.

"யோவ், என்னா, சினிமாவா ஓடுது?" என்றான் வாட்ச்மேன்.

"வேல எதனா..."

"இங்க எல்லாம் படிச்ச ஆளுங்க. அந்தாண்ட சின்ன பட்டறைங்க இருக்குது பாரு, அங்க போ. கடப்பாரைய தூக்கிகினு வந்துட்டான் கம்பெனிக்கு."

சின்னப் பட்டறைகள் எல்லாம் ஒரே வளாகத்தில் இருந்தன. முப்பது நாற்பது ஷெட், ஒவ்வொன்றிலும் லேத் ஓடும் சத்தம். எல்லாருக்கும் பொதுவாக ஒரு கேட், கேட்டுக்குள் வேப்பமரத்தடியில் ஒரு பிள்ளையார், ஒரு கேன்டீன், சங்கத்து ஆபீஸ். ஆபீசுக்கு முன்னால் அறுபது அடி நீளத்துக்கு ஒரு மஞ்சள் தரை. அதன் தலைமாட்டில் ஒரு பலகை நட்டிருந்தார்கள். பெயின்ட் புதிது. நான் எழுத்துக் கூட்டினேன்.

பொதுப் புல்தரைக்கு வியாழக்கிழமை மட்டும் தண்ணீர். காலை எட்டு மணிக்குள். குடத்தால் மட்டும், இருபது குடம். ரப்பர் குழாய் கூடாது. தட்டுப்பாடு தீரும்வரை. இப்படிக்கு, பட்டறை உரிமையாளர் சங்கம்.

இரண்டாம் முறையும் படித்தேன். குவாரியில் இருநூறு பேர் இருந்தோம். எங்கள் தண்ணீர் எந்தக் கிழமை வரும் என்று யாரும் எழுதி வைத்ததில்லை. இங்கே புல்லுக்குக் கிழமை, மணி, அளவு எல்லாம் எழுதி நட்டிருக்கிறார்கள். வியப்பில் இன்னும் கிட்டே போய்ப் பலகையைத் தொட்டேன்.

"எறங்கு. கல்லுக்காரரே, உன்னதான். புல்லு மேலருந்து எறங்கு."

கையில் விளக்குமாறோடு ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும். புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் துண்டு. அந்தப் புல்தரையைப் பார்க்கச் சங்கம் வைத்திருந்த ஆள் அவள்தான் என்று பிறகு தெரிந்தது.

"நான் கல்லு வேலைன்னு எப்பிடிம்மா தெரியும்?"

"கண்ணு இமையெல்லாம் வெள்ளை. மாவு மில்லுக்காரன் கடப்பாரை தூக்க மாட்டான். எறங்குய்யா மொதல்ல."

இறங்கினேன். குடிக்கத் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டேன். கேன்டீன் சுவரோரம் இருந்த சிமென்ட் தொட்டியைக் காட்டினாள்.

"மனுசனுக்கு சட்டம் இல்ல. போய்க் குடி."

மூன்று சொம்பு குடித்தேன். யாரும் எண்ணவில்லை. தொட்டிக்குப் பக்கத்திலேயே கை கழுவும் இடம். மத்தியானச் சாப்பாடு முடிந்து ஆட்கள் வரிசையாக வந்து கழுவினார்கள். அந்தத் தண்ணீர் பருக்கையோடு ஒரு மண் சாக்கடையில் ஓடி, புல்தரையை ஒட்டியே போய், கேட்டுக்கு வெளியே சாலைப் பள்ளத்தில் விழுந்தது. குவாரியில் இருந்தால் அதில் நாங்கள் குளித்திருப்போம்.

அப்போதுதான் மேஸ்திரி வந்தார். சங்கத்தில் கட்டட வேலை எடுத்துச் செய்கிறவர். என் கடப்பாரையைப் பார்த்துவிட்டு நேராகவே கேட்டார்.

"எந்த ஊரு குவாரி?"

"பர்கூருங்க."

"நல்லதாப் போச்சு. கல்லும் அங்கருந்துதான் வந்துக்கிது." சுவரோரம் அடுக்கியிருந்த பலகைக் கற்களைக் காட்டினார். விளிம்பில் துளை போட்ட தடம் அரைவட்டம் அரைவட்டமாக இருந்தது. எங்கள் ஆட்கள் போட்டதாகவே இருக்கலாம். "காலைல எட்டு மணிக்கு வா. அந்தச் செத்த புல்ல நோண்டித் தள்ளிட்டு கல்லு பாவணும். பத்து நாள் வேல."

"வரேங்க" என்றேன். பத்து நாள் வேலை என்பது எனக்கு அப்போது பெரிய சொத்து.

அந்தப் பெண் கூட்டுவதை நிறுத்தியிருந்தாள்.

"செத்துதுன்னு யாரு சொன்னது மேஸ்திரி?"

"கண்ணு சொல்லுது. எல்லாரும் பாக்கறாங்க, மஞ்சளாக் கெடக்குது. கமிட்டியே சொல்லிட்டாங்கம்மா, நான் என்னா பண்றது?"

"தூங்குது அது. வெயில் காலத்துல எல்லாரும் ஓட்டு மேல ஆடிகினா இருக்காங்க? படுத்துக்கறாங்க இல்ல?"

"நல்லாப் படுத்துக்கிச்சு போ. எழுப்பறதுக்குத்தான் கடப்பாரை வருது காலைல." மேஸ்திரி சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. குனிந்து ஒரு கொத்தைப் பிடித்து இழுத்தேன். வைக்கோல் மாதிரி நொறுங்கிக் கையோடு வந்தது. அவளிடம் நீட்டினேன்.

"இதப் பாரும்மா. உயிர் இருக்கற மாதிரியா இருக்குது?"

"முடியப் புடுங்கி உயிரு பாக்கறியா நீ?" என்றாள். தெலுங்கில் ஏதோ முணுமுணுத்தாள், எனக்கு நல்லதாக இருந்திருக்காது. "போ, போய் காலைல வந்து நோண்டு. கல்லு பாவிட்டா கூட்டறதுக்கு ஒருத்தி போதும், அவ கேன்டீன்லயே இருக்கா. நான் என் வீட்டப் பாத்துகினு போறேன். அஞ்சு வருசம் இந்த மண்ணு மேல."

இவ்வளவுதான் அவள் தன்னைப் பற்றிச் சொன்னது. அதற்கு மேல் கேட்க எனக்கும் வழக்கமில்லை. ஆனால் அந்தச் சாக்கடைத் தண்ணீர் கண்ணை உறுத்தியது.

"அந்தக் கை கழுவற தண்ணிய இதுக்குத் திருப்பி விட்டா என்ன? பலகைல குழாத் தண்ணிக்குத்தான சட்டம்?"

அவள் என்னை ஒரு கிறுக்கனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "அங்க பாத்தியா?" என்று வேப்பமரத்தைக் காட்டினாள். பிள்ளையார் மேல் காய்ந்த அருகம்புல் கிடந்தது. "ஷிப்ட்டுக்குப் போறவன் ஒவ்வொருத்தனும் இங்கருந்து ரெண்டு கிள்ளி அவரு மேல போட்டுட்டுத்தான் லேத்துல கை வைப்பான். எச்சத் தண்ணிய ஊத்துன புல்ல சாமி மேல போடுவியா? போன வருசம் ஒருதரம் திருப்பி விட்டாங்க. அந்த வாரமே ஒருத்தனுக்கு வெரல் போச்சு. எல்லாம் என்னத்தான் வந்து கேட்டானுங்க."

லேத்தின் முன்னால் நிற்கிறவனுக்கு வரும் பயம் வெடி வைக்கிற குவாரிக்காரனுக்குப் புரியும்.

அன்று கற்களுக்குப் பக்கத்திலேயே துண்டை விரித்துப் படுத்தேன். விடிந்தபோது குடம் வைக்கிற சத்தம் கேட்டு எழுந்தேன். வியாழக்கிழமை.

எட்டு மணிக்குத் தோண்டப் போகிற தரைக்கு அவள் தண்ணீர் கொண்டுவந்துகொண்டிருந்தாள். இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம். தெளிக்கவில்லை. அறுபது அடி முழுக்க இறைக்கவும் இல்லை. ஓரமாக ஒரு முழ அகலத்துக்கு மண்ணால் வரப்புப் போட்டிருந்தாள். குடத்தைத் தரையில் சாய்த்து, நூல் மாதிரி விட்டு, அது உள்ளே இறங்கும்வரை பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பிறகு அடுத்த குடம், அதே இடத்தில். அந்த ஒரு பட்டைக்கே இருபதும்.

"மிச்ச எடத்துக்கு?"

"அது அது முறை வரும்போது. இந்தப் பட்டைக்கு ரெண்டு மாசம் கழிச்சு இன்னிக்குத்தான்."

"ரெண்டு மாசமா!"

"மேல மேல தெளிச்சா வேரு மேலயே உக்காந்துக்கும், சோம்பேறி மாதிரி. அந்தப் பெரிய கம்பெனில பாத்திருப்பியே, ஆகாசத்துக்கு அடிக்கறானே. அத நாலு நாள் நிறுத்தச் சொல்லு பாப்போம். இங்க அஞ்சு வருசமா வாரத்துக்கு ஒரு தண்ணிதான். அப்ப சட்டம் இல்ல, குழாயில வர்றதே அவ்வளவுதான். இதுக்குப் பழக்கம்."

பத்தொன்பது குடம் ஊற்றியிருந்தாள். இருபதாவதைத் தூக்கி வரும்போது மேஸ்திரியும் சங்கத்துச் செக்ரட்டரியும் வந்துவிட்டார்கள். செக்ரட்டரி ஐம்பது வயதுக்காரர், அவருக்கே ஒரு பட்டறை உண்டு, விரல் நகமெல்லாம் கிரீஸ். குடத்தைப் பார்த்து முகம் சுளித்தார்.

"இன்னிக்குக் கூடவாம்மா? தண்ணி எவ்ளோ கஷ்டம்னு தெரியும் இல்ல?"

"மணி இன்னும் எட்டாகல சார். பலகைல எட்டு வரைக்கும் எழுதிக்கிது."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மேஸ்திரி என்னைப் பார்த்துக் கையசைத்தார். அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு நகர்ந்து நின்றாள்.

தண்ணீர் விட்ட பட்டையை விட்டுவிட்டு நடுவில், மிகக் காய்ந்த இடமாகப் பார்த்துக் கடப்பாரையை இறக்கினேன். குவாரிப் பழக்கம், எதைத் தோண்டினாலும் நான்கு பக்கமும் நேராகச் செதுக்கித்தான் இறங்குவேன். மேல்மண் சாம்பல். ஒரு சாண் வரை ஒன்றுமில்லை, நொறுங்கிய சருகு வேர்தான். அதற்குக் கீழே மண் சிவந்தது. அங்கே வெள்ளை நூல் ஒன்று தெரிந்தது. பிறகு பத்து. மண்ணை மேஸ்திரி கொடுத்த மம்பட்டியால் அள்ளிவிட்டுக் கையால் துடைத்தேன். முழங்கால் ஆழத்தில் வேர் குறையவில்லை. இன்னும் இறங்கினேன். ஏன் என்று தெரியாது, நோண்டித் தள்ளத்தானே சொன்னார்கள், இவ்வளவு ஆழம் தேவையே இல்லை. தொடை ஆழம் வந்தது. குழிக்குள் இறங்கி நின்றுகொண்டு தோண்டினேன். இடுப்பு ஆழத்திலும் அந்த வெள்ளை நூல்கள் என் முன்னால் சுவரில் தொங்கிக்கொண்டு, இன்னும் கீழே போய்க்கொண்டிருந்தன. ஒன்றைக் கிள்ளினேன். விரலில் ஈரம் பட்டது.

வெளியே வெயிலில் நிலம் வெடித்துக் கிடக்கிறது. இது இங்கே, இருட்டில், யாருக்கும் தெரியாமல், தண்ணீரைத் தேடி மனிதனின் இடுப்பளவு நடந்திருக்கிறது. கையை எடுக்க மனம் வரவில்லை. மலையை வெடிவைத்துப் பிளக்கும்போதுகூட எனக்கு அப்படி உடம்பு சிலிர்த்ததில்லை.

மூடிவிட்டு வேலையைத் தொடர்ந்திருக்கலாம். பத்து நாள் வேலை. அது மனதில் வராமல் இல்லை.

"சார், கொஞ்சம் வந்து பாருங்க" என்றேன்.

செக்ரட்டரி விளிம்பில் குந்தினார். அவரும் கையை விட்டுத் தொட்டார். லேத்தில் நூலளவு பார்த்துப் பழகிய கை அது. ஒரு வேரை மேலிருந்து கீழ்வரை விரலால் பின்தொடர்ந்து போனார்.

"எவ்ளோ ஆழம்யா இது?"

"இன்னும் முடியலீங்க."

"அடேங்கப்பா" என்றார். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மேஸ்திரியும் பக்கத்தில் வந்து குனிந்தார். அவளும் எட்டிப் பார்த்தாள். ஐந்து வருடம் மேலே இருந்து வளர்த்தவள், கீழே அன்றைக்குத்தான் பார்க்கிறாள். வாயைத் துண்டால் மூடிக்கொண்டாள்.

செக்ரட்டரி எழுந்து முழங்காலைத் தட்டினார். "உயிரோட இருக்குது, ஒத்துக்கறேன். ஆனா தண்ணி எங்கம்மா? அடுத்த வாரத்துலருந்து இந்த இருபதும் கெடையாது. போர்வெல்ல காத்துதான் வருது. ஆளுங்களுக்கே பத்தல. மழை வர்ற வரைக்கும் இது எத வச்சுத் தாங்கும்?"

அவள் முகம் விழுந்துவிட்டது. சாக்கடையில் காலை ஷிப்ட்காரர்கள் டிபன் முடித்துக் கழுவிய தண்ணீர் ஓடத் தொடங்கியிருந்தது. எல்லாருமே அதைப் பார்த்தோம்.

குழிக்குள் நின்றபடியே கேட்டேன். "அறுபது அடியுமா பிள்ளையாருக்கு?"

மேஸ்திரி வெடித்துச் சிரித்தார். "கேட்டியே ஒரு கேள்வி! அவரு என்னா மாடா, அறுபது அடி மேய?"

அவள் சிரிக்கவில்லை. யோசித்தாள். பிறகு வேப்பமரத்துப் பக்கத்து மூலைக்குப் போய், அங்கிருந்து எட்டு அடி எடுத்து வைத்து நின்றாள். திரும்பி இன்னொரு பக்கம் எட்டு அடி.

"இங்க வரைக்கும் அவருக்கு. இதுக்கு கேன்டீன்ல அரிசி களையற தண்ணி. அது எச்சல் இல்ல, யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. சுத்தி ஒரு முழம் ஒசரத்துக்குக் கல்லு வச்சிரணும், அந்தத் தண்ணி ஒரு சொட்டு உள்ள வரக் கூடாது. மிச்சத்துக்குக் கை கழுவற தண்ணி ஓடட்டும். கிள்ளறவன் இங்க மட்டும் கிள்ளட்டும். நானே எல்லார்கிட்டயும் சொல்றேன்."

"ஏம்மா, கீழ வேரு ஒண்ணோட ஒண்ணு கலந்துக்குமே, இப்பத்தான பாத்தோம்?" என்றார் மேஸ்திரி. விடுவதாக இல்லை அவர்.

"கீழ நடக்கறதுக்கு நான் பொறுப்பில்ல. சாமிக்கு மேல இருக்கற எலைதான் போகுது."

செக்ரட்டரி சிரித்துவிட்டார். பிறகு பலகையையும் கற்களையும் மாறி மாறிப் பார்த்தார். "ஐப்பசி வரைக்கும். குழாத் தண்ணி ஒரு சொட்டு எடுக்கக் கூடாது. அதுக்குள்ள பச்சை வரலன்னா கல்லுதான், அப்ப என்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

"நிக்க மாட்டேன் சார்."

அவர் ஆபீசுக்குப் போய்விட்டார். அவள் என்னைக் குழியிலிருந்து ஏறச் சொன்னாள். சிவப்பு மண்ணை முதலில், சாம்பல் மண்ணை மேலே என்று, இருந்த அடுக்கு மாறாமல் திரும்பத் தள்ள வைத்தாள். கடைசியில் அந்த இருபதாவது குடத்தைச் சாய்த்து, நூல் மாதிரி விட்டு, முழுவதும் இறங்கும்வரை உட்கார்ந்திருந்தாள். மணி எட்டைத் தாண்டி வெகுநேரம் ஆகியிருந்தது, எட்டாக இரண்டு நிமிடம் இருக்கிறது என்று சத்தமாகவே சொன்னாள்.

மேஸ்திரி கற்களருகே நின்று தலையைச் சொறிந்தார். "பாவ வந்த கல்லு இப்ப வாய்க்காலுக்கா. இவ்ளோ அகலம் ஆகாதே. நீளவாக்குல ரெண்டாப் பொளந்து குடுப்பியா? கேன்டீன்லருந்து இங்க வரைக்கும் வாய்க்கா, அப்பறம் அந்த மூலைக்குச் சுத்துக் கல்லு. பத்து நாளுக்கு மேல ஆவும்."

"பொளக்கறேங்க" என்றேன். மூட்டையை அவிழ்த்து உளியையும் சுத்தியலையும் எடுத்தேன். முதல் கல்லை எங்கள் ஆட்களின் துளைத் தடம் மேலே தெரியும்படி புரட்டிப்போட்டு, நீளத்துக்கு ஒரு கோடு கிழித்தேன்.

"கல்லுக்காரரே" என்று புல்தரையிலிருந்து குரல் வந்தது. "தூசி இந்தப் பக்கம் பறக்குது. அந்தாண்ட எடுத்துகினு போய் அடி."

கல்லை நிமிர்த்தி முதுகில் ஏற்றிக்கொண்டு, புல்லைச் சுற்றி நடந்து, அந்தப் பக்கம் போய் இறக்கினேன்.